ராத்திரி ஷிஃப்ட்டில் ஸ்கேடா கம்ப்யூட்டர் தானாக லாக் ஆகிறது (விண்டோஸ் 7)

மெயின்டனன்ஸ்_ஈரோடு:
வணக்கம். சாயப்பட்டறையில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பாலியஸ்டர் சாயமேற்றும் மிஷின்களையெல்லாம் திரையில் கண்காணித்து இயக்க ஒரே ஸ்கேடா கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. ஸ்கேடா பதிப்புக்கும் சப்போர்ட் முடிந்துவிட்டது. லைசென்ஸ் யுஎஸ்பி டோங்கிளில் இருக்கிறது, அதை மாட்டினால்தான் ஸ்கேடா ஓடும். ராத்திரியில் திடீரென்று திரை லாக் ஆகி பாஸ்வேர்டு கேட்கிறது. ஸ்கிரீன் சேவர், ஸ்லீப் எல்லாம் ஆஃப். ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவு முழுக்க 4625 என்ற எண். அட்மின், டெஸ்ட், யூசர் என்று பெயர் மாறி மாறி வருகிறது. விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகுமா? இதை அமைத்துத் தந்தவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை.

பழைய_ரவுட்டர்:
விண்டோஸில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்க யாராவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா?

மெயின்டனன்ஸ்_ஈரோடு:
ஆமாங்க. முதலாளி மகன் போனில் பார்க்கக் கேட்டார். நெட் வேலைக்கு வந்த பையன் தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஆர்டிபிக்கு ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டான். வழக்கமான எண் 3389 ஆபத்தாம், 33890 ஆக்கியிருக்கிறான்.

பழைய_ரவுட்டர்:
அதுதான் விஷயம். போர்ட் எண்ணை மாற்றினால் ஒன்றும் ஒளிந்துவிடாது, எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 4625 என்பது தோற்றுப்போன லாகின். ஆனால் தோற்ற லாகின் உங்கள் திரையை லாக் செய்யாது. விண்டோஸ் 7-இல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். ஆர்டிபி வழியாக இன்னொருவர் உள்ளே வந்தால்தான் முன்னால் இருக்கும் திரை லாக் ஆகும். யாரோ ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உறுதி செய்ய, ஈவென்ட் வியூவரில் டெர்மினல் சர்வீசஸ், லோக்கல் செஷன் மேனேஜர் பதிவைத் திறந்து 21 (உள்ளே நுழைந்தது), 25 (மறுபடி இணைந்தது) எண்களைப் பாருங்கள். எந்த ஐபியிலிருந்து வந்தார்கள் என்று அதிலேயே இருக்கும். திரை லாக் ஆன நேரத்தோடு ஒப்பிடுங்கள். முதலாளி மகன் அந்த நேரத்தில் பார்த்தாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால், இந்த நிமிடமே ரவுட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்குங்கள். மிஷினின் கன்ட்ரோலரான பிஎல்சிக்குப் போகும் கேபிளைத் தொடாதீர்கள்.

மெயின்டனன்ஸ்_ஈரோடு:
மிஷினில் துணி ஓடிக்கொண்டிருக்கிறதே, நின்றுவிடாதா?

பிஎல்சி_கோவை:
நிற்காதுங்க. மிஷினை ஓட்டுவது பிஎல்சி. நெட் போனதற்கு அது கவலைப்படாது. நான் பயப்படுவது வேறு. கம்ப்யூட்டரும் பிஎல்சியும் பேசிக்கொள்ளும் முறை மோட்பஸ் டிசிபி என்றால் அதற்குப் பாஸ்வேர்டு என்று ஒன்றே கிடையாது. அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவன் செட் பாயின்ட்டை, அதாவது எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்ற அளவை, மாற்றி எழுதினால் பிஎல்சி அப்படியே வாங்கிக்கொள்ளும். 130 டிகிரியில் பிரஷரோடு ஓடும் பாத்திரம் அது. ஹை டெம்பரேச்சர் கட்ஆஃப், சேஃப்டி வால்வ், மூடி இன்டர்லாக் எல்லாம் தனி வயரில் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே சோதியுங்கள்.

டெக்_தம்பி:
விண்டோஸ் 11 போடுங்க அண்ணா, முடிஞ்சது.

பிஎல்சி_கோவை:
போட்டுவிட்டு பிஎல்சியோடு பேசும் கார்டுக்கு டிரைவர் எங்கே தேடுவது, தம்பி? டோங்கிள் டிரைவரும் ஓடாமல் போகலாம். அந்த மாற்றம் தேவைதான், ஆனால் மிஷின் நிற்கும் நாள் பார்த்து, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒத்திகை பார்த்துச் செய்யும் வேலை அது.

ஸ்பின்னிங்_மில்:
நெட்டை எடுத்துவிட்டால் விண்டோஸ் 7-ஐ இன்னும் பத்து வருஷம் ஓட்டலாமே?

பழைய_ரவுட்டர்:
தைவானில் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலைகளில் 2018 ஆகஸ்டில் வான்னாக்ரை வைரஸின் ரகம் ஒன்று பரவி உற்பத்தி நின்றது. யாரும் வெளியிலிருந்து புகவில்லை. வைரஸ் ஸ்கேன் பண்ணாமல் புதிய மிஷின் ஒன்றை உள்நெட்வொர்க்கில் மாட்டினார்கள், அவ்வளவுதான். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (திருத்த அப்டேட்) 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாமல் இருந்தார்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு உங்களுக்குப் பேட்சே வராது: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு இலவச அப்டேட் முடிந்தது, காசு கொடுத்து வாங்கும் நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. புதிய விண்டோஸுக்கு வரும் ஒவ்வொரு பேட்சும் பழசில் ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. சர்வீஸ்காரர் கொண்டுவரும் பென் டிரைவ் போதும்.

மெயின்டனன்ஸ்_ஈரோடு:
பார்த்துவிட்டேன். திரை லாக் ஆன அதே நேரத்துக்கு 25 இருக்கிறது, ஐபி வெளிநாடு. நாங்கள் உருவாக்காத ஒரு யூசரும் இருக்கிறது. கேபிளை எடுத்துவிட்டேன். கட்ஆஃப் சரியாக வேலை செய்கிறது.

பழைய_ரவுட்டர்:
நல்லது. அந்த யூசரை அழிப்பதோடு விடாதீர்கள், அந்த விண்டோஸையே இனி நம்ப முடியாது. முதலில் டிஸ்க்கை அப்படியே இமேஜ் (முழு நகல்) எடுங்கள், ஈவென்ட் பதிவுகளும் அதில் இருக்கும். பிஎல்சி புரோகிராமையும் தனியாக எடுத்து, பழைய நகல் இருந்தால் ஒப்பிடுங்கள். பழைய இன்ஸ்டால் சிடி, புராஜெக்ட் பேக்கப் கிடைத்தால் வேறு டிஸ்க்கில் புதிதாக ஏற்றி, டோங்கிளை அதில் மாட்டிப் பாருங்கள். முதலாளியிடம் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பற்றியும் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இப்படிப்பட்ட ஊடுருவலை, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மெயின்டனன்ஸ்_ஈரோடு:
சரிங்க. முதலாளி மகனுக்கு என்ன சொல்வது? போனில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்.

பிஎல்சி_கோவை:
சப்போர்ட் உள்ள சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்க. நடுவில் ஒரு ஃபயர்வால் வைத்து, பழையதிலிருந்து ரிப்போர்ட் ஃபைல் மட்டும் அதற்குப் போகட்டும். அவர் விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக அதைத் திறந்து பார்க்கட்டும். பார்க்கலாம், பட்டனைத் தொட முடியாது. சிடி கிடைத்தால் பதிப்பு எண்ணை இங்கே போடுங்கள், அந்த டிரைவர் என்னிடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.