குடும்பக் குழு: வாந்தி, பேதிக்கு எது மருந்து?

பெரியம்மா (காலை 7:12)
வாந்தி, பேதின்னா உடனே போட்டுக்கச் சொல்லி ரெண்டு மருந்து கலந்த மாத்திரை ஒண்ணு எல்லா குழுவுலயும் சுத்துது. வாங்கி வீட்ல வச்சுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டாக்டர் மாமா (7:20)
வேண்டாம்க்கா. அதுல ஒண்ணு பாக்டீரியாவுக்கு, இன்னொண்ணு அமீபா, ஜியார்டியாங்கற ஒட்டுண்ணிகளுக்கு. திடீர்னு வர்ற பேதியில நிறைய நோரோ, ரோட்டா மாதிரி வைரஸால வர்றது. வைரஸை அந்த மாத்திரை தொடவே தொடாது. குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவைத்தான் காலி பண்ணும், அதுனாலயே பேதி இன்னும் கூடலாம்.

டாக்டர் மாமா (7:21)
மாத்திரைக்கு முன்னாடி கேக்க வேண்டியது மூணு. சாப்பிட்டு எத்தனை மணி நேரத்துல ஆரம்பிச்சுது? வாந்தி அதிகமா, பேதி அதிகமா? ரத்தமோ காய்ச்சலோ இருக்கா?

லேப் சித்தி (7:26)
மணிக்கணக்கை நான் சொல்றேன்ண்ணா. சாப்பிட்டு 1–6 மணி நேரத்துக்குள்ள வாந்தியா கொட்டினா, கிருமி வயித்துக்குள்ள போய் வளர நேரமே இல்ல. சாப்பாட்டுலயே நச்சு ஊறிக் கிடந்திருக்கு. அதை விடறது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், இல்லன்னா பேசில்லஸ் சீரியஸ்ங்கற பாக்டீரியா. 8–16 மணியில வயித்த முறுக்கி பேதி, காய்ச்சல் இல்லன்னா கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். 12–48 மணின்னா நோரோ. பாக்டீரியாவுல ஷிகெல்லா 1–3 நாள், கேம்பைலோபாக்டர் 2–5 நாள், ஜியார்டியா ஒரு வாரமோ அதுக்கு மேலயோ. எல்லாத்துக்கும் கடைசியா சாப்பிட்டதையே குத்தம் சொல்லக் கூடாது.

பெரியம்மா (7:28)
நல்லா கொதிக்க வச்சுட்டா நச்சு போயிடாதா?

லேப் சித்தி (7:33)
கிருமி சாகும், நச்சு சாகாதுக்கா. பேசில்லஸ் சீரியஸ் விடற செரியூலைடு 121 டிகிரியில ஒன்றரை மணி நேரம் வச்சாலும் அப்படியே இருக்கும். அதோட ஸ்போர் (சூடு தாங்கற வித்து) சோறு வேகற சூட்டுலயும் பிழைச்சுக்கும், ஆறும்போது முளைக்கும். பெரிய பாத்திரத்துல மூடி வச்ச சோத்தோட நடுப்பகுதி மணிக்கணக்கா வெதுவெதுப்பாவே கிடக்கும், அதான் வினை. அகலமான தட்டுல மெல்லிசா பரப்பி ஆறவிட்டு 2 மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வச்சிடணும்.

நர்ஸ் அக்கா (7:40)
பெரியம்மா, வீட்ல வாங்கி வைக்கணும்னா ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் வைங்க. 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணியிலதான் கரைக்கணும். பாதி பாக்கெட்டை அரை லிட்டருக்குன்னு கண்ணால அளந்து போடறதுதான் அதிகம் நடக்கற தப்பு. கெட்டியாப் போனா ரத்தத்துல உப்பு ஏறும், குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் போகலாம். நீர்த்துப் போனா பிரயோஜனம் இல்ல. கரைச்சது 24 மணி நேரம் தாண்டினா கொட்டிடுங்க. கரைச்ச பிறகு கொதிக்க வைக்காதீங்க.

பார்மசி தம்பி (7:44)
வாங்கும்போது பாக்கெட் பின்பக்கம் பாருங்க பெரியம்மா. லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். இதான் உலக சுகாதார நிறுவனத்தோட இப்போதைய அளவு. ஓஆர்எஸ் மாதிரியே தெரியற டப்பாவுல வர்ற இனிப்பு பானத்துல சர்க்கரை கூட, உப்பு கம்மி. அந்தச் சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுத்து பேதியைக் கூட்டும். ஜூஸ், சோடாவும் அப்படித்தான்.

பெரியம்மா (7:46)
பாக்கெட் கைல இல்லன்னா?

நர்ஸ் அக்கா (7:49)
1 லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, தலை தட்டின டீஸ்பூன்ல 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குவிச்சுப் போடக் கூடாது. வாயில வச்சா கண்ணீரை விட உப்பு கரிக்கக் கூடாது. இதுல பொட்டாசியம் கிடையாது, அதனால பாக்கெட் வர்ற வரைக்கும்தான்.

டாக்டர் மாமா (7:55)
சர்க்கரை எதுக்குன்னா ருசிக்கு இல்ல. குடல் சுவர்ல சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ள இழுக்கற ஒரு கதவு இருக்கு. காலராவுல கூட அந்தக் கதவு கெடாது. ரெண்டும் உள்ள போனா தண்ணி பின்னாலயே போகும். 1971 வங்கதேசப் போர் சமயம் அகதிகள் முகாம்ல ஐவி (டிரிப்ஸ்) பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலானாபிஸ் இந்தக் கரைசலை டிரம்ல கலக்கிக் குடிக்க வச்சார். 30 சதவீதத்துக்குப் பக்கத்துல இருந்த சாவு 4-க்கும் கீழ வந்துது. இத்தனை உயிரைக் காப்பாத்தின மருந்தை நாம இன்னும் வெறும் உப்புத் தண்ணின்னு நினைக்கறதுதான் எனக்கு வருத்தம்.

நர்ஸ் அக்கா (8:02)
அளவு: ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயசுக்குள்ள 50–100 மி.லி., 2–10 வயசு 100–200 மி.லி., பெரியவங்க வேணும்கற அளவு. நீர் வறட்சி தெரிஞ்சா கிலோவுக்கு 75 மி.லி., 4 மணி நேரத்துல. 10 கிலோ குழந்தைன்னா 750 மி.லி. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, 2–3 நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். டம்ளரோட கொடுத்தா தாகத்துல மடக்மடக்னு குடிச்சு அப்படியே வெளிய வரும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சாப்பாட்டையும்.

பார்மசி தம்பி (8:05)
குழந்தைக்கு ஜிங்க்கையும் சேருங்க. 2004 பரிந்துரை 6 மாசத்துக்கு மேல தினம் 20 மி.கி., கீழ 10 மி.கி., 10–14 நாள். பேதி நின்னதும் நிறுத்திடறாங்க, முழுசா கொடுக்கணும். 20 மி.கி. சில குழந்தைக்கு வாந்தி வரவைக்கும். 2020-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 5, 10 மி.கி.யும் அதுக்குச் சளைச்சதில்லன்னு தெரிஞ்சுது, வாந்தியும் குறைவு. அதனால அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்.

பெரியம்மா (8:07)
ரத்தம் போனா? அப்பவும் மாத்திரை வேண்டாமா?

டாக்டர் மாமா (8:14)
அங்கதான் நிதானம் வேணும்க்கா. ஷிகெல்லான்னா ஆன்டிபயாட்டிக் வேணும். ஈகோலை ஓ157 மாதிரி ஷிகா நச்சு விடற வகைன்னா கொடுக்கக் கூடாது, நச்சு இன்னும் வெளிய வந்து சிறுநீரகத்தைத் தாக்கற ஆபத்து கூடும். ஓ157 உறுதியானவங்கள்ல நூத்துக்கு 5–10 பேருக்கு அப்படி ஆகுது, சின்னப் பசங்களுக்கு அதிகம். பேதி குறைஞ்சு நிம்மதியாகற ஒரு வாரம் வாக்குலதான் மூத்திரம் குறையும், முகம் வெளிறும். ரத்தம், கூடவே காய்ச்சல் அவ்வளவா இல்ல, வயித்துவலி பயங்கரம்னா இதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

டாக்டர் மாமா (8:15)
பேதியை நிறுத்தற லோபெரமைடையும் ரத்தம், காய்ச்சல் இருந்தா தொடாதீங்க. சின்னக் குழந்தைக்கு எப்பவுமே வேண்டாம்.

லேப் சித்தி (8:22)
அதனால ரத்தம்னா முதல் மாத்திரைக்கு முன்னாடி மலம் எடுத்துடணும். சிறுநீர் கலக்காம, ரத்தமும் சளியும் இருக்கற பகுதியை எடுத்து 2 மணி நேரத்துக்குள்ள லேபுக்கு. அமீபா அசையறதைப் பார்க்கணும்னா அரை மணிக்குள்ள. ஓ157 வழக்கமான கல்ச்சர்ல (கிருமியை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்) தனியா தெரியாது. சார்பிட்டால் மெக்கான்கிங்கற தனி வளர்ப்புத் தட்டுல நிறமில்லாத காலனியா வரும், அந்த டெஸ்டைக் கேட்டு எழுதி வாங்குங்க. ‘அமீபா சிஸ்ட்’னு (உறை போட்ட அமீபா) ரிப்போர்ட் வந்தா மட்டும் முடிவு பண்ணாதீங்க. தீங்கில்லாத என்டமீபா டிஸ்பார் மைக்ராஸ்கோப்புல அச்சு அசலா அதே மாதிரிதான். ஆன்டிஜென் டெஸ்ட், இல்லன்னா பிசிஆர் டெஸ்ட்தான் பிரிச்சுக் காட்டும். ஜியார்டியா ஒரே மலத்துல கிடைக்காமப் போகலாம், வேற வேற நாள்ல 3 கொடுக்கணும்.

பார்மசி தம்பி (8:25)
உண்மையான அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் மட்டும் போதுமா மாமா? அதோட நிறுத்தறதைத்தான் நிறைய பார்க்கறேன்.

டாக்டர் மாமா (8:31)
போதாதுடா. அது சுவருக்குள்ள போனதைக் கொல்லும், குடலுக்குள்ள உக்கார்ந்திருக்கற சிஸ்ட் தப்பிச்சுக்கும், சில மாசத்துல திரும்பும். பின்னாடியே டைலோக்சனைட் 500 மி.கி. தினம் 3 வேளை 10 நாள், இல்லன்னா பாரோமோமைசின். ஜியார்டியாவுக்கு பெரியவங்களுக்கு டினிடசோல் 2 கிராம் ஒரே வேளை, மது கூடவே கூடாது. கேம்பைலோபாக்டருக்கு அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் பல இடத்துல அதுக்கு வேலை செய்றதில்ல. காலராவுக்கு டாக்சிசைக்ளின் 300 மி.கி. ஒரு தடவை, ஆனா உயிரைப் பிடிக்கறது தண்ணிதான். அக்கா, இது எதையும் பார்த்து நீங்களா வாங்காதீங்க.

பெரியம்மா (8:33)
சரிப்பா. எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

நர்ஸ் அக்கா (8:36)
6–8 மணி நேரமா மூத்திரம் இல்ல. கண்ணு குழி விழுந்துடுச்சு. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா 2 வினாடிக்கு மேல எடுத்து மெதுவா இறங்குது. குழந்தை துவண்டு குடிக்கவே மாட்டேங்குது. மலத்துல ரத்தம். பச்சையா வாந்தி. இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க.

பெரியம்மா (8:38)
வாந்தி எடுத்த இடத்தை சானிட்டைசர் போட்டுத் துடைச்சா போதும்ல?

லேப் சித்தி (8:44)
நோரோ வைரஸுக்கு மேல கொழுப்பு உறை கிடையாதுக்கா, ஆல்கஹால் அதை சரியா கொல்லாது. நூறுக்கும் குறைவான வைரஸ் போதும் அடுத்தவங்களுக்கு ஒட்ட. கையை சோப்பு போட்டு 20 வினாடி. தரையை முதல்ல பேப்பரால ஒத்தி எடுத்து, 5 சதவீத பிளீச் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 5 நிமிஷம் விட்டுக் கழுவுங்க. குழாய், கைப்பிடிக்கு லிட்டருக்கு 20 மி.லி. போதும். டாய்லெட் ஆசிட்டோட கலந்துடாதீங்க, குளோரின் வாயு வரும்.

நர்ஸ் அக்கா (8:47)
வாந்தி, பேதி ரெண்டும் நின்னு 48 மணி நேரம் ஆகற வரைக்கும் நோய் வந்தவங்க அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. அதுக்கப்புறமும் ரெண்டு வாரமோ மேலயோ மலத்துல வைரஸ் வரும், அதனால கை கழுவறதை விடவே கூடாது பெரியம்மா.