சந்தேகம்: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் ஸ்மித்திங் (கொல்லு வேலை) லெவல் நகரவே இல்லை, காசும் கரைகிறது. என்ன செய்யலாம்?

கரித்துண்டு:
வணக்கம். இலவசக் கணக்கில்தான் ஆடுகிறேன். இப்போது அட்டாக் 30, டிஃபென்ஸ் 21, மைனிங் 41, ஸ்மித்திங் 22, கிராஃப்டிங் 12. மேஜிக் இன்னும் 20-ஐத் தொடவில்லை.

என் கவசத்தை நானே அடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும், அது நல்லதாக ஆன பிறகு புது இடங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இதுதான் ஆசை. அதற்காக அல் காரிட் சுரங்கத்தில் இரும்புத் தாது வெட்டி, அந்த ஊர் உலையிலேயே உருக்குகிறேன். ஆனால் போடும் தாதுவில் ஏறக்குறைய பாதிதான் பாராக (உலோகக் கட்டியாக) வருகிறது. மற்றதெல்லாம், தாது சுத்தமாக இல்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுக் காணாமல் போகிறது. மிஞ்சிய பாரில் அயர்ன் ஃபுல் ஹெல்ம் (தலைக்கவசம்) செய்து கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையில் போட்டால், அடுத்த சுற்றுக்கான செலவுக்குக்கூடக் கட்டவில்லை.

உலையில் ஏதாவது பிழையா? இந்த லெவலில் ஸ்மித்திங்கை எப்படி ஏற்றுவது? கிராஃப்டிங்கிலும் இதே கதைதான் நடக்குமோ என்று பயமாக இருக்கிறது.

உலைக்காவலன்:
பிழை இல்லை. சாதாரண உலையில் இரும்புத் தாது உருகும் வாய்ப்பு 50 சதவீதம்தான். ஸ்மித்திங் லெவல் கூடினாலும் இது மாறாது, ஊர் மாற்றி உருக்கினாலும் மாறாது.

தப்பிக்க வழி உண்டு. மேஜிக் 43-ல் சூப்பர்ஹீட் ஐட்டம் என்ற மந்திரம் வரும். அதில் இரும்பு ஒருமுறைகூட வீணாகாது, ஆனால் ஒவ்வொரு பாருக்கும் ஒரு நேச்சர் ரூன் (மந்திரக் கல்) செலவு. உங்கள் மேஜிக்குக்கு அது தூரம். இன்னொன்று ஸ்டீல். ஸ்மித்திங் 30 ஆனதும் ஒரு இரும்புத் தாதுவோடு இரண்டு நிலக்கரி சேர்த்தால் ஸ்டீல் பார். அதில் தோல்வியே கிடையாது. அதே இரும்புத் தாதுதான், ஆனால் ஒன்றுகூட வீணாகாது. அதனால் 22-லிருந்து 30 வரை எப்படிப் போவது என்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை.

நடையாளி:
அந்த 30-க்கு உலைப் பக்கமே போக வேண்டாம். தி நைட்ஸ் சோர்ட் என்ற குவெஸ்டை (கதைப் பணியை) முடியுங்கள். இலவசக் கணக்கிலேயே ஆடலாம், மைனிங் 10 போதும். பரிசு 12,725 ஸ்மித்திங் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). லெவல் 22-ன் தொடக்கம் 5,624. கூட்டினால் 18,349. லெவல் 33-க்குத் தேவை 18,247. ஒரே குவெஸ்டில் 22-லிருந்து நேராக 33. நடுவில் லெவலுக்காக ஒரு அயர்ன் பார்கூட உருக்க வேண்டியதில்லை.

சுற்றிப் பார்க்கும் ஆசையும் இதிலேயே தீரும். ஃபாலடார் கோட்டையில் ஸ்குவையர் என்பவரிடம் தொடங்குகிறது. வாராக் அரண்மனை நூலகத்தில் ரெல்டோவைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து தெற்கே போர்ட் சாரிமையும் தாண்டி துர்கோ என்ற குள்ளர் இருக்கும் இடத்துக்கு. அவருக்கு ரெட்பெரி பை கொடுத்தால்தான் வாயைத் திறப்பார். குக்கிங் 10 இருந்தால் நீங்களே சுடலாம், பழம் போர்ட் சாரிமில் வைடின் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் ஒரு பை வாங்கிவிடுங்கள். பிறகு கோட்டைக்குத் திரும்பி, சர் வைவின் கவனிக்காத நேரம் பார்த்து அவர் அலமாரியிலிருந்து ஒரு ஓவியத்தை எடுக்க வேண்டும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. லெவல் எதுவும் உதவாது, பொறுமைதான்.

கடைசியாக துர்கோ கேட்பது இரண்டு அயர்ன் பாரும் ஒரு புளூரைட் தாதுவும். புளூரைட் அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பனிக்குகையில் இருக்கிறது. உள்ளே லெவல் 53 ஐஸ் ஜயன்ட்டும் லெவல் 57 ஐஸ் வாரியரும் கண்டதும் பாய்வார்கள். அவர்களோடு நின்று சண்டை போடாதீர்கள். ரன் எனர்ஜி நிறைய இருக்கும்போது நுழைந்து, ஓடி, வெட்டி, அப்படியே ஓடி வெளியே வாருங்கள். தலைக்கு 12 உயிர் தரும் லாப்ஸ்டர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவுக்கு ஒரு இடம் காலியாக இருக்கட்டும். சண்டையில் இருக்கும்போது ஹோம் டெலிபோர்ட் (ஊருக்குத் தாவும் மந்திரம்) வேலை செய்யாது, அதை நம்பி உள்ளே போக வேண்டாம்.

கரித்துண்டு:
இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, மிக்க நன்றி. ஆனால் அந்தக் குகையில் செத்தால்? கையில் இருப்பது எல்லாம் போய்விடுமா? அப்புறம், 33 வந்ததும் அயர்ன் பிளேட்பாடி (மார்புக் கவசம்) அடிக்கலாம் என்று பார்த்தேன். அதை விற்றால் லாபம் வருமா?

நடையாளி:
போகாது. மற்ற வீரர்கள் தாக்க முடியாத இடத்தில் செத்தால், இருப்பதிலேயே விலை கூடிய மூன்று பொருட்கள் உங்களிடமே இருக்கும். மற்றவை செத்த இடத்தில் கல்லறையில் 15 நிமிடம் காத்திருக்கும். எட்ஜ்வில்லுக்கு வடக்கே பள்ளம் தாண்டினால் வரும் வைல்டர்னஸ் மட்டும் வேறு கணக்கு. அங்கே இன்னொரு வீரர் உங்களைக் கொன்றால் பொருள் அவருக்கு. அந்தப் பள்ளத்தைத் தாண்டாத வரை தைரியமாகச் சுற்றுங்கள்.

நாணயக்கட்டு:
லாபக் கேள்விக்கு நான் சொல்கிறேன். பெரும்பாலும் வராது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

இங்கே அயர்ன் பிளேட்பாடி அடிக்கிறவர் யாருக்கும் அந்தச் சட்டை தேவையில்லை. அவருக்கு வேண்டியது எக்ஸ்பி. ஐந்து பாரை ஒரு சட்டையாக்கினால் 125 எக்ஸ்பி. அதை வாங்கிய பிறகு சட்டை வந்த விலைக்குப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார். எல்லோரும் இப்படிச் செய்வதால் சந்தையில் சட்டை குவிகிறது, பாருக்கோ தட்டுப்பாடு. அதனால்தான் சட்டையை விட அதற்குள் இருக்கும் ஐந்து பார் பல நேரம் விலை கூட. பொருளைக் காசாக்கும் ஹை அல்கமி மந்திரம் விலைக்குக் கீழே ஒரு எல்லை போடுகிறது, ஆனால் அயர்ன் பிளேட்பாடிக்கு அது தருவது 336 காசுதான். அதில் நேச்சர் ரூன் விலையும் போக வேண்டும். காசு வேண்டும் என்றால் தாதுவையும் நிலக்கரியையும் அப்படியே விற்றுவிடுங்கள். எக்ஸ்பி வேண்டும் என்றால் அடியுங்கள். இரண்டையும் ஒரே வேலையில் தேடும்போதுதான் கை கடிக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், உங்கள் திட்டத்தின் அடிப்படையே இதுதான். மித்ரில் பிளேட்பாடி போட டிஃபென்ஸ் 20 போதும், உங்களிடம் இருக்கிறது. அதை அடிக்க ஸ்மித்திங் 68 வேண்டும். அடமன்ட் போட 30, அடிக்க 88. ரூன் பிளேட்பாடி போட டிஃபென்ஸ் 40-ம் டிராகன் ஸ்லேயர் குவெஸ்டும், அடிக்க 99! நைட்ஸ் சோர்ட் முடித்த பிறகும் 68-ஐத் தொட ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் எக்ஸ்பி பாக்கி. ஸ்டீலை நீங்களே உருக்கி நீங்களே அடித்தால் ஒரு பாருக்கு 55 எக்ஸ்பி, அதாவது பத்தாயிரம் பாருக்கு மேல். அதுவரை அயர்ன் சட்டையோடு காத்திருந்தால் இந்த உலகத்தில் பாதியைப் பார்க்காமலே இருப்பீர்கள். கவசத்தை வாங்கிப் போடுங்கள், இன்றே கிளம்புங்கள்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் ரூன் பிக்காக்ஸ். மைனிங் 41-ல் அதைப் பயன்படுத்தலாம். கையில் பிடிக்கத்தான் அட்டாக் 40 வேண்டும், இன்வென்டரியில் (பையில்) வைத்துக்கொண்டே வெட்டலாம்.

தனிக்கொல்லன்:
வாங்கிப் போடுவதுதான் சுலபம், கணக்கும் சரி. ஆனாலும் தன் கையால் அடித்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடக்கும் சந்தோஷம் வேறு. நண்பர் கேட்டதும் அதுதானே. அந்த ஆசை குறையாமல் இருந்தால் அயர்ன்மேன் என்று தனி வகைக் கணக்கு இருக்கிறது. மற்ற வீரர்களோடு வியாபாரமே செய்ய முடியாது, எல்லாம் நீங்களே தேட வேண்டும். அங்கே வீணாகும் ஒவ்வொரு தாதுவும் வலிக்கும், ஒவ்வொரு லெவலும் அர்த்தத்தோடு வரும். நான் அதைத்தான் ஆடுகிறேன், வேறு எதற்கும் மாற மாட்டேன். ஆனால் புதுக் கணக்கு தொடங்கித்தான் ஆக வேண்டும்.

கிராஃப்டிங்குக்கு ஒரு வரி: மிஸ்தாலின் மிஸ்டரி குவெஸ்ட் முன்தகுதி எதுவும் கேட்காது, 600 கிராஃப்டிங் எக்ஸ்பி தரும். 12 உடனே 14 ஆகும், அதில் லெதர் பாடி தைக்கலாம்.

கரித்துண்டு:
இரண்டு குவெஸ்டும் முடித்தேன்! நடையாளி சொன்னபடியே ஓடி வெட்டி ஓடி வந்தேன். லாப்ஸ்டர் பெரும்பாலும் தீர்ந்தது, ஆனால் சாகவில்லை. சொன்னது போலவே ஸ்மித்திங் 33. மித்ரில் சட்டையை வாங்கியும் போட்டுவிட்டேன். ஆனாலும் ஸ்டீல் பிளேட்பாடி ஒன்றையாவது என் கையால் அடிக்காமல் விடப்போவதில்லை, அதற்கு 48. எவ்வளவு பார் ஆகும்? நிலக்கரியை எங்கே வெட்டுவது வசதி?

உலைக்காவலன்:
48-க்கு 83,014. உங்களிடம் இருப்பது 18,349-ஐ ஒட்டி. வித்தியாசத்தை 55-ஆல் வகுத்தால் சுமார் 1,176 பார். அதற்கு 1,176 இரும்பு, 2,352 நிலக்கரி. கொஞ்ச நாள் வேலைதான், பயப்பட வேண்டாம்.

நிலக்கரிக்கு பார்பேரியன் வில்லேஜ் போங்கள். வெட்டியதை அப்படியே வடக்கே எட்ஜ்வில் பேங்கில் போடுங்கள், இலவச உலகில் பேங்குக்கு மிக அருகில் இருக்கும் உலையும் எட்ஜ்வில்லில்தான். உருக்கும்போது ஒரு சுற்றுக்கு 9 இரும்பு, 18 நிலக்கரி. பையின் 28 இடத்தில் ஒன்று மட்டும் காலி. அடிப்பதற்கு வாராக் மேற்கு பேங்க், ஆன்வில் (பட்டடைக்கல்) அதற்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கிறது. சுத்தியல் போக 25 பார் எடுத்தால் ஐந்து பாரில் ஆகிற பொருள் ஐந்து செய்யலாம். மைனிங் 60 ஆனதும் ஃபாலடாரில் மைனிங் கில்டுக்குள் போகலாம், நிலக்கரிப் பாறை அங்கே நிறைய.