லேண்ட்லைனைக் கேபிளுக்கு மாற்றலாமா? செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்களேன்

சாரல் தொடங்கினாலே எங்கள் லேண்ட்லைன் கரகரக்கும். போன வாரத்தோடு ஊமையாகிவிட்டது. கேபிள்காரர் பைபரில் (கண்ணாடி இழைக் கம்பியில்) நெட்டும் போனும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். எனக்குத்தான் தயக்கம். லேண்ட்லைனின் செம்புக் கம்பிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். பைபர் மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். இங்கே மேல்காற்று அடித்தால் கரண்ட் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மாற்றியவர்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி: மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் போட்டால் எவ்வளவு நேரம் தாங்குகிறது? அம்மாவின் பழைய பட்டன் போனையே மோடத்தில் செருகலாமா? (ஏழாம் நம்பரை மட்டும் ஓங்கி அமுக்கணும்.) முக்கியமாக, 04633-இல் தொடங்கும் பழைய நம்பரை யாராவது தக்கவைத்தீர்களா? புனலூர் அத்தைக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.