அல்ட்ராலைட் ஃப்ளை ராடுக்கு எடை குறைந்த ரீல் எது? அவசரம்

புதுத்தூண்டில்
வணக்கம். புதிதாக ஓர் அல்ட்ராலைட் ஃப்ளை ராட் (செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் மெலிந்த கோல்) வாங்கியிருக்கிறேன். கையில் இருக்கும் பழைய ரீலை (நூல் சுற்றும் உருளை) மாட்டினால் அடிப்பக்கம் கல்லைக் கட்டியது போல இழுக்கிறது. இருப்பதிலேயே எடை குறைந்த ரீல் எது? 150 டாலருக்குள் வேண்டும். வரும் சனிக்கிழமை போகிறோம், அதற்குள் வந்து சேர வேண்டும். பெயர் மட்டும் சொன்னால் போதும், உடனே ஆர்டர் போட்டுவிடுவேன்.

மலைச்சாரல்
எத்தனையாம் எண் ராட்? எத்தனை அடி? கண்ணாடியிழையா, கிராஃபைட்டா? எந்த ஓடையில், என்ன மீனுக்கு? பழைய ரீலின் எடை என்ன? இவ்வளவும் தெரியாமல் பெயர் சொன்னால் உங்கள் 150 டாலரை நான் வீணாக்கியது போல ஆகிவிடும்.

பழைய ஓடை
இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை. தம்பி, அல்ட்ராலைட் என்பது ஓர் அளவு அல்ல. 000 தொடங்கி 3 வரை எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராடின் எண் லைனின், அதாவது வீசும் கனத்த நூலின், முதல் 30 அடி எடையைக் குறிக்கிறது. 1 என்றால் 60 கிரெயின் (15 கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம்), 2 என்றால் 80, 3 என்றால் 100, 5 என்றால் 140. கால் அளவு சொல்லாமல் செருப்புக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

உப்புக்காற்று
எடையைப் பார்க்காதீர்கள், டிராக்கை, அதாவது மீன் ஓடும்போது ரீலைத் தடுக்கும் பிரேக்கைப் பாருங்கள். நன்றாக மூடப்பட்ட டிஸ்க் டிராக் உள்ள ரீல் வாங்கினால் வாழ்நாளுக்கும் போதும். நான் ஃபுளோரிடாவில் கடலோரம்தான் மீன் பிடிக்கிறேன். மணலும் உப்பும் உள்ளே போகாத ரீல் மட்டும்தான் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது. இருபது முப்பது கிராம் கூடினால் கை ஒன்றும் வலிக்காது.

நூல்மட்டும்
ரீலே வேண்டாம் என்பது என் கருத்து. சின்ன ஓடை என்றால் ஜப்பானியர்களின் டென்காரா கோலைப் பாருங்கள். நுனியில் நேராக நூலைக் கட்டி வீசுவதுதான், ரீலும் இல்லை, வளையமும் இல்லை. மடக்கினால் பையில் அடங்கிவிடும். எடை பற்றிய கவலையே தீர்ந்தது.

பழைய ஓடை
அவர் ராட் வாங்கியாகிவிட்டது என்கிறார். நீங்கள் வேறு ராட் வாங்கச் சொல்கிறீர்கள்.

புதுத்தூண்டில்
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்து எழுதியதால் விவரம் விட்டுப்போனது. 2-ஆம் எண், 7 அடி, கண்ணாடியிழை. வர்ஜீனியாவில் ஷெனன்டோவா பக்கம், ராபிடான் ஆற்றுக்கு மேல் உள்ள ஓடைகள். புரூக் டிரவுட். பழைய ரீல் 5/6 அளவு, சமையலறைத் தராசில் வைத்தேன், லைனோடு 190 கிராம்.

மலைச்சாரல்
இப்போது பேசலாம். ராபிடான் அருமையான இடம். மில் பிராங், லாரல் பிராங் என்ற இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில்தான் 1929-இல் ஹூவர் தன் முகாமை அமைத்தார். அமெரிக்க ஜனாதிபதி டிரவுட் பிடிக்கவே தேடிப் போன ஓடை அது. அங்கே மீன் பெரும்பாலும் ஒரு சாண்தான் இருக்கும். மேலே கிளைகள் மூடியிருப்பதால் 15, 20 அடிக்கு மேல் வீச இடம் கிடைக்காது. இந்த இரண்டும்தான் உங்கள் ரீலைத் தீர்மானிக்க வேண்டும்.

"இருப்பதிலேயே எடை குறைந்தது" வேண்டும் என்று கேட்டீர்கள். வேண்டாம். கிராஃபைட்டைவிடக் கண்ணாடியிழையில் நுனிப்பக்கம் கனம் அதிகம். ரீல் அளவுக்கு மீறி இலேசாகப் போனால் கோல் முன்பக்கம் கவிழும், மணிக்கட்டு நாள் முழுக்க அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டி வரும். சமநிலை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்: விரலுக்கு 15 செ.மீ. பின்னால் இருக்கும் 70 கிராமும், விரலுக்கு 2 மீட்டர் முன்னால் இருக்கும் 5 கிராமும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடு செய்யும். 2-ஆம் எண் லைனின் முதல் 30 அடி எடை அந்த 5 கிராம்தான். ஆனால் நீங்கள் 30 அடியை வெளியே விடப்போவதில்லை. 15 அடி வீச்சில் லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நூல்) போக லைன் ஏழெட்டு அடிதான் வெளியே இருக்கும், ஒன்றரை கிராம்கூட வராது.

வீட்டிலேயே அளந்துவிடலாம். கோலைப் பூட்டி, ரீல் உட்காரும் இடத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையை டேப் போட்டு ஒட்டுங்கள். கார்க் பிடியின் முன் விளிம்பை ஒரு விரல்மேல் வைத்து, கோல் கிடையாக நிற்கும்வரை பையில் நிக்கல் (ஐந்து சென்ட்) காசுகளைப் போடுங்கள். ஒரு நிக்கல் சரியாக 5 கிராம். வெளியே தொங்கும் லைனுக்காக இன்னும் மூன்று காசு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மொத்தம்தான் லைன், பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றும் நூல்) எல்லாம் சேர்ந்த ரீலின் எடை. எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

பழைய ஓடை
அதெல்லாம் இருக்கட்டும். அவர் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. 5/6 ரீல், "லைனோடு" 190 கிராம். அந்த லைன் எத்தனையாம் எண், தம்பி?

புதுத்தூண்டில்
5. அதே லைனைத்தான் இதிலும் கோர்த்து வீசிப் பார்த்தேன். தப்பா?

பழைய ஓடை
தப்புதான். 80 கிரெயினுக்குச் செய்த கோலில் 140 கிரெயின் ஏற்றினால் வீச்சு கூழாகத்தான் இருக்கும். கல்லைக் கட்டியது போல என்று சொன்னதில் பாதி இதுதான். சின்ன ஓடையில் ஓர் எண் கூட்டிப் போடுவார்கள், 3 வரை சரி. 5 கிடையாது. முதலில் லைன் வாங்குங்கள். ரீலை அப்புறம் பார்க்கலாம். அடிப்படை தெரியாமல் பொருள் வாங்கக் கூடாது என்று நான் சொன்னால் கோபப்படுகிறார்கள்.

மலைச்சாரல்
அண்ணா கேட்டது சரியான கேள்வி, நான் தவறவிட்டேன். ஆனால் சொல்லும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். புதியவர்கள் இந்தத் தொனியைப் பார்த்தே எழுதாமல் போய்விடுகிறார்கள்.

உப்புக்காற்று
நான் மறுபடியும் டிராக் பக்கம் வருகிறேன். கிளிக் ரீலில் பிரேக் என்று ஒன்றுமே இல்லை. ஒரு பல்சக்கரம், அதன்மேல் ஓர் ஆப்பு, ஒரு சுருள்வில். பெரிய மீன் ஓடினால் என்ன செய்வார்?

கண்ணாடியிழை
ராபிடானில் பெரிய மீன் ஓடாது, உப்புக்காற்று. ஒரு குட்டையில் இருந்து அடுத்த குட்டைக்குப் போவதற்குள் மீன் கைக்கு வந்துவிடும். ஸ்பூலின் (ரீலுக்குள் நூல் சுற்றும் சக்கரம்) விளிம்பு வெளியே தெரியும் ரீல் என்றால் உள்ளங்கையால் லேசாகத் தொட்டாலே போதும், அதுதான் பிரேக்.

மெல்லிய டிப்பெட்டில் (லீடரின் கடைசி நுனி நூல்) டிஸ்க் டிராக்கின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 7எக்ஸ் டிப்பெட்டின் விட்டம் 0.004 அங்குலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்று கிடைக்கும். அவ்வளவு மெல்லிய நூலில் டிராக் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு விட்டால், அந்த முதல் வெட்டிலேயே அறுந்துவிடும். நல்ல டிஸ்க் டிராக் ஒட்டாமல் தொடங்கும், ஆனால் அதற்கு எடையும் விலையும் கூடும். கிளிக் ரீலில் ஸ்பூல் தாறுமாறாகச் சுற்றி லைன் சிக்காமல் இருந்தால் போதும். அதற்கு அந்தச் சுருள்வில்லே மிகுதி.

புதுத்தூண்டில், கடையில் யாரும் சொல்லாத ஒன்று: ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி. எடை குறைக்க ரீல் முழுக்கத் துளை போடுகிறார்கள். 6எக்ஸ், 7எக்ஸ் நூல் அந்த இடைவெளி வழியாக உள்ளே நழுவி அச்சில் சுற்றிக்கொள்ளும். ஓடை நடுவில், குளிர்ந்த விரலோடு ஸ்பூலைக் கழற்றி எடுக்க வேண்டும். எனக்கு ஒரு காலை முழுதும் இப்படியே போனது. வாங்கும் முன் ஒரு துண்டு டிப்பெட்டை எடுத்துப் போய் அந்த இடைவெளியில் தள்ளிப் பாருங்கள். போகாத ரீலை எடுங்கள்.

அவலாஞ்சிக்காரன்
ஊட்டியில் இருந்து எழுதுகிறேன். ரீல் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், மீனைப் பற்றி யாரும் பேசவில்லை. இவ்வளவு மெலிந்த கோலில் மீனை நீண்ட நேரம் இழுத்து விளையாடுவது அதற்குச் சித்திரவதை. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். விட்ட பிறகு களைப்பிலேயே செத்துப் போனால் அது என்ன விடுதலை?

கண்ணாடியிழை
நியாயமான கவலை, ஆனால் இந்த மீனுக்குப் பொருந்தாது. ஒரு சாண் மீனை 2-ஆம் எண் கோலில் அரை நிமிடத்தில் கொண்டுவரலாம். 18 அங்குல ரெயின்போ டிரவுட்டை இதே கோலில் பிடித்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

அவலாஞ்சிக்காரன்
அளவு மட்டுமா? தண்ணீர் சூடானால் ஒரு சாண் மீனும் தாங்காது.

மலைச்சாரல்
இதில் அவலாஞ்சிக்காரன் சொல்வதோடு நான் உடன்படுகிறேன். புரூக் டிரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் உயிர். தண்ணீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே நான் கோலை மடக்கிவிடுவேன். 20-இல் யார் என்ன சொன்னாலும் வீசக் கூடாது. புதுத்தூண்டில், ரீலுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை ஒரு தெர்மாமீட்டருக்கு வையுங்கள். சனிக்கிழமை காலையிலேயே போய், உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள்.

பழைய ஓடை
போகிற போக்கில் ஒரு திருத்தம். புரூக் டிரவுட் டிரவுட்டே அல்ல, அது டிரவுட்டுக்கு உறவான 'சார்' (char) என்ற மீன் வகை. டிரவுட்டுக்கு வெளிர் உடம்பில் கரும்புள்ளி, சார் வகைக்குக் கரிய உடம்பில் வெளிர்ப் புள்ளி.

அவலாஞ்சிக்காரன்
பெயர் எதுவானாலும் அந்த மலைக்கு அது சொந்த மீன். இங்கே அவலாஞ்சி ஓடையில் இருக்கும் ரெயின்போ அப்படியல்ல. 1900-களின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் கொண்டுவந்து, குஞ்சு பொரிப்பகம் கட்டி வளர்த்தது. அதற்கு முன்பே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். அதனால்தான் சொந்த மீன் உள்ள ஓடையில் நிற்பவர்களைப் பார்த்தால் கூடுதல் கவனம் கேட்கத் தோன்றுகிறது.

நூல்மட்டும்
அந்நிய மீனை விட்டதால் நீலகிரி ஓடைகளின் சொந்த மீன்கள் என்ன ஆயின என்றும் பேச வேண்டும்.

மலைச்சாரல்
பேச வேண்டியதுதான், தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒருவருக்குச் சனிக்கிழமைக்குள் ரீல் வேண்டும்.

புதுத்தூண்டில்
காசு வைத்துப் பார்த்தேன், 20 போட்டதும் நேராக நின்றது. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் பழைய ரீல் இரண்டு முறை கழன்று ஓடையில் விழுந்தது. கார்க் மேல் இரண்டு உலோக வளையம்தான் இருக்கிறது, மரையே இல்லை. ராடில் ஏதாவது குறையா?

பழைய ஓடை
இதைத்தான் முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

மலைச்சாரல்
குறை இல்லை. எடை குறைக்கவே அப்படிச் செய்கிறார்கள். ரீலின் பாதத்தை (ராடில் உட்காரும் அடித்தகடு) இரண்டு வளையமும் எதிரெதிராக இறுக்கிப் பிடிக்கும். சின்ன ரீலுக்கு அது போதும். 190 கிராம் ரீல் ஒவ்வொரு வீச்சிலும் முறுக்கிக்கொண்டே இருந்தால் வளையம் நழுவத்தான் செய்யும். ஆகவே ரீலை மாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரி, காரணம்தான் வேறு.

20 காசும் மேலே மூன்றும் சேர்ந்து 115 கிராம். லைனும் பேக்கிங்கும் தோராயமாக 20 கிராம் போக, வெறும் ரீல் 95 கிராம் பக்கம். பத்து கிராம் முன்பின் இருந்தால் கையில் தெரியாது. ரெடிங்டன் ஸீரோ என்ற ரீலின் 2/3 அளவு உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். அது 80 கிராமுக்குள், இந்தக் கோலுக்கு ஒரு துளி இலேசு. 50 யார்டு பேக்கிங்கை நிறையச் சுற்றினால் அந்தக் குறையும் கொஞ்சம் ஈடாகும், லைனும் சின்ன வளையமாகச் சுருண்டு கெட்டியாகாது. ஹார்டி ஃபெதர்வெயிட் பழையது நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், ஆனால் சனிக்கிழமைக்குள் தேட முடியாது.

எதுவானாலும் வாங்கும் முன் பாதத்தை வளையத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். சில பாதங்கள் தடிமன், உள்ளே போகாது. அரம் வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நழுவினால் பாதத்துக்குக் கீழே சைக்கிள் டியூபில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி வையுங்கள். எந்தக் கையால் சுற்றுவீர்கள்? கிளிக் ரீலில் அதற்கேற்ப ஆப்பைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று
சைக்கிள் டியூப் நல்ல யோசனை. நான் இன்னும் டிஸ்க் டிராக் பக்கம்தான், ஆனால் இந்த ஓடைக்கு அது தேவையில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

புதுத்தூண்டில் (ஞாயிற்றுக்கிழமை)
கடைக்கு ராடையே எடுத்துப் போனேன். முதல் ரீலின் பாதம் நுழையவில்லை, இரண்டாவது நுழைந்தது. 2-ஆம் எண் லைனும் வாங்கினேன். ரீல் ஒரு முறைகூட விழவில்லை. நான்கு மீன். 11 மணிக்குத் தண்ணீர் 18 காட்டியது, கிளம்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கண்ணாடியிழை
எந்த ரீல் என்று சொல்லவே இல்லையே? டிப்பெட் உள்ளே நழுவியதா?

மலைச்சாரல்
எந்தக் கையால் சுற்றுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.