ஆக்டோபஸ் அடிக்கடி கழன்று விழுகிறது, எங்கே எப்படி மாட்டுவது?

கடல்குருவி:
வணக்கம் நண்பர்களே. ஸ்கூபா டைவிங்குக்கு இப்போதுதான் சொந்தமாக ரெகுலேட்டர் செட் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாங்கியிருக்கிறேன். மற்றதெல்லாம் சரி, ஆக்டோபஸ்தான், அதாவது காற்று தீர்ந்தவருக்குக் கொடுக்கும் உதிரி ரெகுலேட்டர்தான் படுத்துகிறது. பிசிடியின் (மிதவைச் சட்டை) வலது பக்க மார்பு டி-ரிங்கில் (உலோக வளையம்) ஒரு சிலிக்கான் வளையம் போட்டு அதில் மவுத்பீஸை (வாயில் கவ்வும் பகுதி) செருகி வைக்கிறேன். சில நாள் படகிலிருந்து குதித்தவுடனே கழன்றுவிடுகிறது, சில நாள் குதிக்கும்போது நன்றாக இருந்து, பாதி டைவில் பார்த்தால் இடுப்புக்குக் கீழே தொங்கி மணலில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. எனக்குத் தெரிவதுகூட இல்லை, பக்கத்தில் வருபவர் கை காட்டினால்தான் தெரிகிறது. ஒருவர் இரும்பு ஸ்னாப் கொக்கி போடுங்கள், எங்கேயும் போகாது என்கிறார். இன்னொருவர் பிசிடி பாக்கெட்டுக்குள் திணித்துவிடச் சொல்கிறார். கழுத்தில் எலாஸ்டிக் கயிறு கட்டித் தொங்கவிடுபவர்களையும் பார்க்கிறேன். என்னுடைய ஆக்டோபஸ் ஹோஸ் (காற்றுக் குழாய்) மஞ்சள், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். நான் என்ன செய்யலாம்?

ஆழிமுத்து:
முதலில் அந்த ஸ்னாப் கொக்கி யோசனையை விட்டுவிடுங்கள். ஆக்டோபஸ் உங்களுக்காக இருப்பதைவிட எதிரில் இருப்பவருக்காக இருப்பது, காற்று தீர்ந்தவர் கொக்கியின் நாக்கை விரலால் அழுத்தித் திறந்துகொண்டிருக்க மாட்டார், பிடித்து இழுப்பார், அவ்வளவுதான். குளிர் நீரில் தடித்த கையுறை போட்டிருந்தால் உங்களாலேயே அதைச் சட்டென்று திறக்க முடியாது. பாக்கெட்டும் அதே கதைதான், உள்ளே இருப்பது வெளியே தெரியாது, எடுக்கும்போது ஹோஸ் மடிந்து சிக்கும்.

இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் வேண்டும்: தானாக விழக் கூடாது, ஒரே இழுப்பில் வந்துவிட வேண்டும். இடம் எது என்றால், முகவாய்க்கும் இரண்டு பக்கக் கடைசி விலா எலும்புகளுக்கும் நடுவே ஒரு முக்கோணம் வருமே, அதற்குள். பயிற்சியில் எல்லோருக்கும் இந்த இடத்தைத்தான் சொல்லித் தருகிறார்கள், அதனால் முன்பின் தெரியாத ஒருவருக்குக் காற்று தீர்ந்தாலும் அவர் கண் அங்கேதான் போகும். மஞ்சள் நிறமும் அதற்காகத்தான்.

உங்கள் வளையம் அநேகமாகத் தளர்ந்திருக்கும். சிலிக்கான் நாளாக ஆக இளகிவிடும், அப்போது மவுத்பீஸின் அகலமான பகுதிகூட அதிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். புதிதாக வாங்குவதாக இருந்தால் மவுத்பீஸின் வாயை அடைப்பது போன்ற குமிழ் உள்ள ஹோல்டராகப் பாருங்கள். மணல் உள்ளே போகாது என்பது அதில் கூடுதல் லாபம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், வெளிமூச்சு வால்வு என்பது மெல்லிய ரப்பர் தட்டு, அதன் ஓரத்தில் ஒரே ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் மூடாது, அப்புறம் மூச்சு இழுக்கும்போதெல்லாம் காற்றோடு தண்ணீரும் வரும். ஏற்கெனவே பயந்துபோன ஒருவர் வாயில் அதைக் கொடுக்கிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

குதிப்பதைப் பற்றி: ஒரு கை முகமூடியிலும் ரெகுலேட்டரிலும் இருக்கும் அல்லவா, இன்னொரு கையை ஆக்டோபஸ் மேல் வைத்துக்கொண்டு குதியுங்கள். மவுத்பீஸ் கீழே பார்த்தபடி இருக்கட்டும். மேலே பார்த்தால் டயஃப்ரம் (உள்ளே தள்ளப்பட்டால் காற்றைத் திறந்துவிடும் ரப்பர் சவ்வு) இருக்கும் பக்கம் ஆழத்தில் போய்விடுகிறது, அங்கே நீரின் அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அது டயஃப்ரத்தை உள்ளே தள்ள, காற்று தானாகக் கொட்ட ஆரம்பிக்கும். வென்ச்சுரி லீவர் (காற்று தானாகக் கொட்டுவதைக் குறைக்கும் சிறு நெம்புகோல்) இருந்தால் டைவ் தொடங்கும் முன் மைனஸ் பக்கம் திருப்பி வையுங்கள்.

நீள்ஹோஸ்:
கழுத்துக் கயிறு பற்றிக் கேட்டதால் நான் சொல்கிறேன், பல காலமாக அப்படித்தான் டைவ் செய்கிறேன். ஆனால் அது வெறும் கயிறு இல்லை, முழு ஏற்பாடே வேறு. நீங்கள் மூச்சு விடும் ரெகுலேட்டர்தான் நீள ஹோஸில் இருக்கும், குகை டைவிங்கில் 2 மீட்டரைத் தாண்டும், திறந்த கடலுக்கு 1.5 மீட்டர் போதும். உதவி கேட்டால் வாயில் இருப்பதை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, முகவாய்க்குக் கீழே தொங்குவதை நாம் வாயில் வைத்துக்கொள்கிறோம். கழுத்தில் இருப்பது கிட்டத்தட்ட 60 செ.மீ. குட்டை ஹோஸ்தான். அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி போன்றவர்கள் காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. குறுகலான இடத்தில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியே வர முடியும், நீள ஹோஸ் வந்தது அதற்குத்தான்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கொடுக்கும் ரெகுலேட்டர் வேலை செய்கிறது என்பது நிச்சயம், ஒரு நொடிக்கு முன்வரை நாமே அதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். பதறிப்போனவர் பல நேரம் வாயில் இருப்பதையேதான் பறிக்க வருவார், இந்த ஏற்பாட்டில் அவர் பறித்தாலும் நமக்குக் கவலை இல்லை.

கயிற்றின் அளவு முக்கியம். தலையைக் குனிந்தால் கை படாமல் வாயாலேயே மவுத்பீஸைக் கவ்வ முடிய வேண்டும், ஆனால் நிமிர்ந்து நிற்கும்போது தொண்டையை அழுத்தக் கூடாது. 5 மி.மீ. கனமுள்ள எலாஸ்டிக் கயிறு போதும், மவுத்பீஸின் கழுத்தில் கேபிள் டை உட்காரும் பள்ளத்திலேயே அதையும் சேர்த்துக் கட்டுங்கள். கேபிள் டையின் வெட்டிய முனையைத் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் உதட்டைக் கிழிக்கும்.

மணல்திட்டு:
நீள்ஹோஸ் சொல்வதெல்லாம் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது இருக்கிற மஞ்சள் ஆக்டோபஸை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். பாதி ஏற்பாடு ரொம்ப ஆபத்து. வாயில் இருப்பது சாதாரண 75 செ.மீ. ஹோஸ், அதை நீட்டிக் கொடுத்தால் இரண்டு பேரும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கழுத்தில் மஞ்சளைப் பார்த்தவர் அதைப் பிடித்து இழுப்பார், அது எளிதில் கழலாது, உங்கள் கழுத்தும் சேர்ந்து இழுபடும். மாற்றுவதாக இருந்தால் இரண்டு ஹோஸையும் மாற்றுங்கள், கழுத்தில் இருப்பது கறுப்பாக இருக்கட்டும், கூட வருபவரிடம் தண்ணீரில் இறங்கும் முன்பே "நான் வாயில் இருப்பதைத்தான் கொடுப்பேன்" என்று சொல்லிக் காட்டிவிடுங்கள். இன்ஃப்ளேட்டரோடு (பிசிடிக்குக் காற்று நிரப்பும் பகுதி) சேர்ந்த ரெகுலேட்டர் வைத்திருப்பவர்களும் இதே போலச் சொல்ல வேண்டும், அவர்களும் வாயில் இருப்பதைத்தான் கொடுக்கிறார்கள்.

புதியவர்களோடும் அறிமுகம் இல்லாதவர்களோடும் அதிகம் டைவ் செய்கிறீர்கள் என்றால் முக்கோணத்திலேயே இருங்கள் என்பது என் கருத்து.

கடல்குருவி:
எல்லோருக்கும் நன்றி. வளையத்தை மடக்கிப் பார்த்தேன், துளை ஓரத்தில் மயிரிழை போல விரிசலே இருக்கிறது. ஹோல்டரை மாற்றிவிட்டு முக்கோணத்திலேயே தொடர்கிறேன். ஒரு சந்தேகம், என் ஹோஸ் வலது பக்கம் வில் மாதிரி வெளியே வளைந்து நிற்கிறது. சிலர் மவுத்பீஸை விட்டுவிட்டு, ஹோஸையே மடித்து அந்த மடிப்பை வளையத்தில் செருகுகிறார்களே, அது பரவாயில்லையா?

ஆழிமுத்து:
அதில் ஒரு சிக்கல் உண்டு. மடிப்பின் ஒரு முனை ரெகுலேட்டர் பக்கம், இன்னொரு முனை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) பக்கம். ரெகுலேட்டர் பக்கத்திலிருந்து இழுத்தால் சுலபமாக வரும்படி செருகியிருக்க வேண்டும், மாற்றிச் செருகினால் இறுகிவிடும். செருகியே ஆக வேண்டும் என்றால் கரையிலேயே வேறொருவரை எதிரில் நிற்கவைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வில் மாதிரி நிற்பதற்கு, ஹோஸை வலது கைக்கு அடியில் கொண்டுவந்து பாருங்கள், உடம்போடு ஒட்டி வரும். எந்த வழியில் கொண்டுவந்தாலும் எதிரில் இருப்பவர் வாய்க்குப் போகும்போது ரெகுலேட்டர் தலைகீழாக இருக்கக் கூடாது. வெளிமூச்சு வால்வு மேலே போய்விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறாமல் தங்கிவிடும். எதிரில் நிற்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வாயில் சரியாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் ஹோஸின் முறுக்கைத் திருத்துங்கள். நீங்களும் கண்ணை மூடி ஒரு கையால் அதைத் தொட்டுப் பாருங்கள், டைவின்போது அவ்வப்போது தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கழன்றதை அடுத்தவர் சொல்லத் தேவையிருக்காது.