வெஸ் பிரவுன் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து

மான்செஸ்டர் யுனைடெட் என்றாலே ரொனால்டோ, ரூனி, கிக்ஸ் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் அதே கால்பந்து அணியின் பழைய தடுப்பாட்டக்காரர் வெஸ் பிரவுனிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் விளையாடியதை மான்செஸ்டரிலோ, சண்டர்லாண்டிலோ, நம் பக்கத்துக் கொச்சியிலோ நேரில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2017 ஆகஸ்டில் கொச்சியின் ஐஎஸ்எல் அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் அவரை எடுத்தது. பயிற்சியாளர் ரெனே மியூலென்ஸ்டீன், யுனைடெட் மேலாளர் பெர்குசனிடம் அவர்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் வேலை பார்த்தவர். யுனைடெட்டின் பழைய முன்வரிசைக்காரர் பெர்பட்டோவும் வந்தார். மஞ்சள் சட்டைக்காரர்கள், அதாவது பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள், எல்லோரும் பெர்பட்டோவுக்காகக் குதித்தார்கள். நானும் என் சித்தப்பா பையனும் பிரவுனுக்காக எர்ணாகுளத்துக்கு ரயில் ஏறினோம். அப்போதுதான் ஸ்டேடியம் வாசல் வரை மெட்ரோ வந்திருந்தது. கலூரில் இறங்கினால் டிரம்ஸ் சத்தமே வழிகாட்டிவிடும்.

உட்கார்ந்த இடம் உயரம். பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு பிரவுனை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். டிவியில் இதைச் செய்ய முடியாது, கேமரா பந்தைத்தான் துரத்தும். 38 வயது, முழங்கால் இரண்டு முறை கிழிந்து தைத்தது. வேகம் சுத்தமாக இல்லை. ஆனால் மனிதர் ஓட வேண்டிய தேவையே வராதபடி நின்றார். பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் பந்தைக் கண்டால் பாய்ந்துவிடுவார், அது அவர் சுபாவம். ஜிங்கன் பாய்வதற்கு ஒரு நொடி முன்பே பிரவுன் நாலு அடி பின்னால் நகர்ந்துவிடுவார். ஜிங்கன் கோட்டைவிட்டால் பந்து பிரவுன் காலுக்கு வரும். ஜிங்கன் ஜெயித்துவிட்டால் பிரவுன் நகர்ந்தது யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் எனக்கே இது பிடிபட்டது. அதோடு கை காட்டிக்கொண்டே இருந்தார். இடது பேக்கை உள்ளே வா, மேலே போ, நில் என்று ஆட்டம் முழுக்க ஒரு டிராபிக் போலீஸ் வேலை.

பக்கத்தில் இருந்த சேட்டன் ஒருவர், "இவரெந்தா நடக்குகயாணோ?" என்று கேட்டார். ஆமாம் சேட்டா, நடக்கத்தான் செய்கிறார், அதைத்தான் பார்க்க வந்தோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு கை கடலை கொடுத்தார்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பிறந்தது 1979, வளர்ந்தது மான்செஸ்டரின் லாங்சைட். பன்னிரண்டு வயதிலேயே யுனைடெட்டின் இளையோர் அணி. முதல் ஆட்டம் 1998 மே மாதம், லீட்ஸுக்கு எதிராக. அடுத்த சீசன்தான் அந்த மூன்று கோப்பை சீசன். பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பத்தொன்பது வயதில் ஹங்கேரிக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடியிருந்தார். சரி, இனி இவர்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். 1999-2000 சீசன் முழுக்க முழங்கால் ஜவ்வு கிழிந்து வீட்டில். திரும்பி வந்து நிலைத்தார். 2003 மே மாதம் எவர்டனில், சீசனின் கடைசி நாளில், மறுபடியும் ஜவ்வு.

இவரைப் போல இயல்பான தடுப்பாட்டக்காரரை வெகுகாலமாகப் பார்த்ததில்லை என்று பெர்குசன் சொன்னதுண்டு. ஸ்டாம், ஃபெர்டினாண்ட், விடிச் எல்லோரையும் வைத்து வேலை வாங்கிய மனிதர் சொன்னது. கொச்சியில் அந்த நாலு அடியைப் பார்த்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

சண்டர்லாண்டில் படித்து, இப்போது திருச்சியிலிருந்து

அண்ணா, நான் பார்த்தது நடுவில் வந்த பிரவுன். 2013-14இல் சண்டர்லாண்டில் மேல்படிப்பு. சனிக்கிழமைகளில் கடை வேலை, அதனால் வாரநாள் ஆட்டங்கள்தான் வாய்த்தன. ஸ்டேடியம் ஆஃப் லைட், பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் கட்டியது. வெளியே பெரிய சுரங்க விளக்கு ஒன்றைச் சிலையாக வைத்திருப்பார்கள். குளிர் என்றால் குளிர். கடல் காற்று ஆற்று வழியாக நேராக உள்ளே வரும்.

2011இல் அவரும் இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜான் ஓ'ஷேயும் யுனைடெட்டிலிருந்து ஒன்றாக அங்கே வந்தவர்கள். 2012-13 முழுக்க பிரவுன் ஆடவேயில்லை, மறுபடியும் முழங்கால். கடையில் என்னோடு வேலை பார்த்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "அவர் கதை முடிந்தது" என்று எனக்கு அடித்துச் சொல்லியிருந்தார். அடுத்த சீசனில் அதே மனிதர் பிரவுன் பெயர் அறிவித்தால் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்த சீசன் எப்படிப்பட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். லீக்கில் கடைசி இடம். அதே சமயம் லீக் கோப்பை அரையிறுதியில் ஓல்ட் டிராஃபோர்டிலேயே யுனைடெட்டை பெனால்டியில் வீழ்த்திவிட்டு வெம்ப்ளி போனார்கள். அங்கே மான்செஸ்டர் சிட்டியிடம் 3-1. ஏப்ரலில் தோற்றுத் தோற்று, ஏறக்குறைய கீழ் லீக்குக்கு இறங்கியாகிவிட்டது என்ற நிலையில் செல்சியின் மைதானத்தில் போய் 2-1 என ஜெயித்தார்கள். செல்சி பயிற்சியாளர் மொரின்யோ அங்கே அதுவரை ஒரு லீக் ஆட்டமும் தோற்றதில்லை. கடைசியில் தப்பித்துவிட்டார்கள். ஊரே இரண்டு நாள் தூங்கவில்லை.

நேரில் பார்த்ததில் எனக்கு நினைவிருப்பது அவர் தலை. செம்பட்டை முடி என்பதால் எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும். கார்னர் வந்தால் நான் அந்தத் தலையைத்தான் தேடுவேன்.

அந்தச் சிவப்பு அட்டைகளை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். 2013 நவம்பரில் ஸ்டோக்கில் சார்லி ஆடமிடம் பந்தைப் பறித்ததற்கு வெளியே அனுப்பினார்கள், அப்பீலில் அது ரத்தானது. 2015 பிப்ரவரியில் இன்னும் கூத்து. ஓல்ட் டிராஃபோர்டில் ஃபால்காவோவை இழுத்தது ஓ'ஷே. அட்டை பிரவுனுக்கு! நான்தான் என்று ஓ'ஷே நடுவரிடம் போய் மன்றாடுகிறார், நடுவர் கேட்கவில்லை. பெனால்டியை ரூனி அடித்தார். பிறகு அந்த அட்டையும் ரத்து. பத்தொன்பது வருடம் தன் வீடாக இருந்த மைதானத்திலிருந்து செய்யாத குற்றத்துக்கு நடந்து வெளியேறினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னையிலிருந்து

மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறீர்களே! அந்த 2017-18 சீசனில் ஐஎஸ்எல் கோப்பை எங்கள் சென்னையின் அணிக்கு என்பதையும் எழுதுங்கள் சார். பெங்களூரில் போய் 3-2. அதில் இரண்டு கோல் எங்கள் சென்டர் பேக் மைல்சன் ஆல்வெஸ் தலையால் அடித்தது. டிபன்டர் பற்றிய பேச்சு என்றால் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

மற்றபடி பிரவுனைக் குறை சொல்லமாட்டேன். மியூலென்ஸ்டீன் அவரை நடுக்களத்தில் தள்ளிப் பார்த்ததுதான் பாவம். அந்த வயதில் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நடுக்களத்தில் திரும்பித் திரும்பி ஓடச் சொன்னால் என்ன ஆகும்? ஜனவரியில் புதுப் பயிற்சியாளராக டேவிட் ஜேம்ஸ் வந்து பின்னால் அனுப்பிய பிறகுதான் கோவைக்காரர் சொல்லும் அந்த பிரவுன் வெளியே தெரிந்தார்.

மதுரையிலிருந்து

நேரில் பார்க்கவில்லை. ஆனால் யுனைடெட்டும் செல்சியும் மோதிய 2008 மாஸ்கோ சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியக் கூடாது.

நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டேகால் ஆட்டம். ஹாஸ்டல் டிவி அறையில் பாதிப் பேர் செல்சி, பாதிப் பேர் யுனைடெட், வார்டன் வந்துவிடாமல் இருக்கச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம். 26ஆவது நிமிடம். வலது ஓரத்தில் த்ரோ. ஸ்கோல்ஸும் பிரவுனும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்கிறார்கள். பிரவுன் உள்பக்கம் திரும்பி இடது காலால் தூக்கிப் போடுகிறார். வலது காலாட்டக்காரர், அதுவும் ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாட்டக்காரர்), இடது காலால்! செல்சியின் எஸ்ஸியனுக்கு மேலே ரொனால்டோ எழும்பி முட்டினார். படத்தில் எல்லாம் ரொனால்டோ எழும்பியதுதான் வருகிறது. பந்து வந்த விதத்தை யாரும் போடுவதில்லை.

அந்த வருடம் முழுக்க கேரி நெவில் காயத்தில் இருந்ததால்தான் பிரவுன் ரைட் பேக் ஆடினார். விடிச் இல்லாமல் போன பார்சிலோனா அரையிறுதியில் நடுவே வந்து ஃபெர்டினாண்டோடு நின்றார். மெஸ்ஸி, எட்டோ இருந்த அணி, இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் லிவர்பூலை 3-0 என அடித்தபோது முதல் கோலும் இவருடையது. காயம் இல்லாத ஒரு சீசன் கொடுத்தால் என்ன செய்வார் என்பதற்கு அதுதான் சாட்சி.

மாஸ்கோவில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் அவரை எடுத்துவிட்டு பெனால்டிக்காக ஆண்டர்சனை இறக்கினார்கள். ஆண்டர்சன் கோலும் அடித்தார். செல்சியின் டெர்ரி வழுக்கியது, எங்கள் கோல்கீப்பர் வான் டெர் சார் அனெல்காவைத் தடுத்தது, யுனைடெட் ஜெயித்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். வார்டன் அந்த நேரத்தில்தான் வந்தார். வந்தவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சந்தேகம், சண்டர்லாண்டுக்கும் கொச்சிக்கும் நடுவில் என்ன?

கோயம்புத்தூரிலிருந்து

பிளாக்பர்ன் தம்பி. 2016-17. நம் வெங்கீஸ் கோழிக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் கிளப். பிரவுன் அதிகம் ஆடவில்லை. அந்த சீசனில் அணி மூன்றாம் நிலைக்கு இறங்கிவிட்டது. புனேக்காரர்கள் அணியிலிருந்து கொச்சிக்கு வந்தார் என்று சொன்னால் மனிதர் இரண்டு வருடமாக இந்திய முதலாளிகளிடம்தான் சம்பளம் வாங்கினார்!

சென்னைக்காரரே, மைல்சனுக்கு நாற்காலி போட்டாயிற்று. ஆனால் கார்னரில் கோல் அடிக்க எங்கள் ஆளுக்கும் தெரியும். 2018 பிப்ரவரியில் கவுகாத்தியில் நார்த்ஈஸ்டை 1-0 என ஜெயித்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். கார்னர் வருகிறது, எல்லோரும் முன்கம்பத்துக்கு ஓடுகிறார்கள், செம்பட்டை முடி மட்டும் தனியாக நிற்கிறது.