வலென்சியா மாநாட்டு மையம்: மேற்கு பார்த்த கண்ணாடிக் கூடம் சரிவருமா?

கேள்வி:
வணக்கம். கட்டடக்கலை இறுதியாண்டுத் திட்டமாக, ஸ்பெயினின் வலென்சியா நகருக்கு 1,000 பேர் அமரும் மாநாட்டு மையம் ஒன்றை வரைந்து வருகிறேன். முகப்புக் கூடம் மேற்கு நோக்கியது, முழுக்கக் கண்ணாடி, மேலே 3 மீட்டர் சன்ஷேடு. நிழலுக்கு இது போதாது என்கிறார் என் ஆசிரியர். காரணத்தை விளக்க இயலுமா?

பதில் 1:
உங்கள் ஆசிரியர் சொல்வது சரிதான். வலென்சியா ஏறத்தாழ 39.5 பாகை வட அட்சத்தில் உள்ளதால், ஜூன் பிற்பகுதியில் உச்சிச் சூரியன் 74 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது இதே சன்ஷேடு தெற்குச் சுவரில் 10 மீட்டர் ஆழத்துக்கு நிழல் தரும். டிசம்பரிலோ சூரியன் 27 பாகைக்கு இறங்குவதால், நிழல் ஒன்றரை மீட்டராகச் சுருங்கி, இதமான வெயில் உள்ளே வரும். மேற்கில் இந்தக் கணக்கு செல்லாது. மாலையில் 20 பாகைக்குத் தாழ்ந்த சூரியன் நேரெதிரே நிற்கும்போது, உங்கள் சன்ஷேடு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தை மட்டுமே மறைக்கும். மீதிக் கண்ணாடி முழுவதும் வெயில்தான். ஜன்னலே தேவைப்படாத அரங்கை மேற்கே வைத்து, கூடத்தைத் தெற்கே திருப்புங்கள்.

பதில் 2:
வெயிலை மட்டும் பார்க்காதீர்கள். அமர்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுவதால், அரங்கு நிறைந்தால் 100 கிலோவாட் ஆகிவிடும். இருக்கைகளுக்கு அடியிலிருந்து குளிர்காற்றை மெதுவாக விட்டால், ஆட்கள் இருக்கும் உயரம் மட்டும் குளிர்ந்து, வெப்பம் தானே மேலேறிவிடும். இரவுக் காற்றால் கான்கிரீட்டைக் குளிர்விக்கும் முறை, பகலிரவு வெப்ப வேறுபாடு மிகுந்த, ஸ்பெயினின் உள்நாட்டு நகரமான கோர்டோபாவில் நன்கு பயன்படும். கடலோர வலென்சியாவின் புழுக்கமான ஆகஸ்ட் இரவுகளில் அதை அதிகம் நம்ப வேண்டாம்.

பதில் 3:
எனக்குப் பெருங்கவலை மழைதான். கோடை முழுதும் வறண்டு கிடக்கும் இந்தப் பகுதியில் இலையுதிர்காலத்தில் சில மணி நேரத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். 1957 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுகை இன்று பூங்கா. 2024 அக்டோபர் 29 அன்று, தெற்குப் புறநகர்களின் நிலத்தடி வாகன நிறுத்தங்களில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் பறித்தது. மின்மாற்றியையும் குளிரூட்டும் இயந்திரங்களையும் தயவுசெய்து அடித்தளத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கூடத்தைத் தெற்கே திருப்பிவிட்டேன். இயந்திரங்களைக் கூரைக்கு ஏற்றினால் அவற்றின் அதிர்வு அரங்கினுள் கேட்காதா?

பதில் 3:
அரங்கின் தலைக்கு மேல் வைத்தால் கட்டாயம் கேட்கும். சமையலறை, கிடங்குப் பகுதியின் கூரையில் வையுங்கள்; அந்தப் பகுதிக்கும் அரங்குக்கும் இடையே தூண், தளம் எதுவும் தொடராதபடி இடைவெளி விடுங்கள்.